மெய்நிகர்க் கோப்பும் பொது வாக்குறுதியும்

கணிப்பொறியில் கோப்பு என்றவுடன், வட்டிலோ வேறொரு நினைவுச் சாதனத்திலோ எழுதி வைக்கப்பட்டு, வேண்டும்போது எடுத்துப் படிக்கப்படும் ஓர் ஏடு என்னும் எண்ணமே பலருக்கும் எழுகிறது. அவ்வெண்ணம் பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. லினக்ஸ் இயக்க முறைமை நடைபெறும் கணிப்பொறியில், எந்த வட்டிலும் எழுதப்படாத கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை படிக்கப்படும் கணத்தில் தோன்றுகின்றன. படித்து முடிந்ததும் அவற்றின் சுவடே இருப்பதில்லை. இவையே மெய்நிகர்க் கோப்புகள் எனப்படுவன. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நினைவகத்தின் நிலையைக் காட்டும் செயலியும், வெளிக்களத்தில் மண்ணின் வெப்பநிலையைக் குறித்துவரும் சிறு பொறியும் பெரும்பாலும் இத்தகைய கோப்புகளையே நம்பி நிற்கின்றன.

இவற்றை அமைப்பது இயக்க முறைமையின் மையப் பகுதியாகிய கெர்னலை எழுதுவோரின் வேலை. ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும் இதில் என்ன தொடர்பு என்று கேட்கப்படலாம். தொடர்பு உண்டு. மெய்நிகர்க் கோப்பு ஒன்றை வெளியிடுவது, பொதுமக்களுக்கு ஒரு வாக்குறுதி அளிப்பதற்கு ஒப்பாகும். வாக்குறுதியை அளிப்பவர் அதன் பொறுப்பை அறிந்திருத்தல் வேண்டும். அதனைப் பெறுபவர் அதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டில் எது குறைந்தாலும், பதிவேட்டில் பொய்யான எண் ஏறுகிறது.

இம்முறை தோன்றிய வரலாறு

யூனிக்ஸ் இயக்க முறைமை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அச்சுப்பொறி, முனையம், நாடா முதலிய சாதனங்களையும் கோப்புகளாகவே பாவிக்கும் வழக்கம் அதில் ஆதியிலேயே இடம்பெற்றது. ஆயினும், நடந்துகொண்டிருக்கும் நிரல்கள் அவ்வொழுங்கினுள் நெடுங்காலம் வரவில்லை. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் 'பி.எஸ்.' என்னும் கட்டளை, கெர்னலின் நினைவகத்தை நேரடியாகத் திறந்து, அதனுள் இருக்கும் அட்டவணைகளைத் தேடிப் படித்தது. கெர்னலின் அட்டவணை அமைப்பு மாறினால் அக்கட்டளையையும் மாற்றி அமைக்க நேர்ந்தது. மேலும், கெர்னலின் நினைவகம் முழுவதையும் படிக்கும் உயரிய அதிகாரத்தை ஒரு சாதாரணக் கட்டளைக்கு அளிக்க வேண்டியிருந்தது.

டாம் கில்லியன் என்பார், ஓடும் நிரல்களைக் கோப்புகளாகக் காட்டும் முறையை 1984-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக விளக்கினார். யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில், '/ப்ராக்' என்னும் அடைவில் ஒவ்வொரு நிரலும் தன் எண்ணையே பெயராகக் கொண்ட கோப்பாகத் தோன்றியது. பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில் உருவான பிளான் 9 என்னும் முறைமை இக்கருத்தை மேலும் விரித்தது. ஒரு நிரலை நிறுத்த வேண்டுமாயின், அதன் கட்டுப்பாட்டுக் கோப்பில் உரிய சொல்லை எழுதினாலே போதும் என்னும் அளவிற்கு எளிமை பிறந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸிலும் அடுத்த ஆண்டிலேயே '/ப்ராக்' அடைவு சேர்ந்தது. அதன் கோப்புகளிற் பல, மனிதர் கண்ணால் படிக்கத்தக்க எழுத்துருவில் அமைந்தன.

இதற்கு இடமளித்த அடிப்படை ஒன்று உண்டு. 1980-களின் நடுவில் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தார், தம் கணிப்பொறியிலுள்ள வட்டையும் வலையமைப்பு வழியே தொலைவிலிருக்கும் வட்டையும் நிரல்களுக்கு ஒரே விதமாகக் காட்ட விரும்பினர். அதன்பொருட்டுக் கெர்னலில் ஓர் இடைப் படலத்தை அமைத்தனர். ஸ்டீவ் கிளைமன் 1986-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். மேலிருந்து வரும் கேள்விகள் சிலவே: திற, படி, எழுது, மூடு. கீழே விடையளிப்பது உள்ளூர் வட்டா, தொலைவிலுள்ள வட்டா என்பதை மேலடுக்கு அறிய வேண்டுவதில்லை. அங்ஙனமாயின், கீழே வட்டே இல்லாமலும் இருக்கலாம் அன்றோ?

விதைக் கிடங்கின் சாளரத்தை எண்ணிப் பார்க்கலாம். எத்தனை மூட்டை இருப்பில் உள்ளது என்று வெளியிலிருந்து ஒருவர் சீட்டு நீட்டுகிறார். உள்ளிருக்கும் எழுத்தர் பேரேட்டைப் புரட்டி விடை எழுதலாம். அல்லது எழுந்து சென்று மூட்டைகளை எண்ணிவிட்டு வந்தும் எழுதலாம். சீட்டைப் பெறுபவர்க்கு இரண்டும் ஒன்றே. பேரேட்டைப் புரட்டுவது சாதாரணக் கோப்பு. எண்ணிவிட்டு வந்து எழுதுவது மெய்நிகர்க் கோப்பு.

உள்ளே நிகழ்வது யாது?

லினக்ஸ் கெர்னலில் மேற்கூறிய இடைப் படலம் மெய்நிகர்க் கோப்பு முறைமை எனப்படுகிறது. ஏற்றப்பட்ட கோப்பு முறைமை ஒவ்வொன்றிற்கும் ஒரு சூப்பர்பிளாக்கும், கோப்பு ஒவ்வொன்றிற்கும் ஓர் ஐநோடும், பெயர்களுக்கு டென்ட்ரிகளும், திறந்து வைக்கப்பட்ட நிலையைக் குறிக்கத் தனியொரு பொருளும் இதில் உள்ளன. திறந்த கோப்புடன் ஒரு செயல் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கும். படிக்கச் சொன்னால் இந்தச் செயலை அழைக்க, எழுதச் சொன்னால் அந்தச் செயலை அழைக்க என்பதே அவ்வட்டவணையின் சாரம். மெய்நிகர்க் கோப்பை அமைப்பவர் அவ்விடங்களில் தாம் எழுதிய செயல்களை நிறுத்துகிறார். அவை அக்கணத்து மதிப்பைக் கெர்னலின் உள்ளிருந்து எடுத்து, எழுத்துகளாக மாற்றி, கேட்ட நிரலின் நினைவகத்திற்குப் பாதுகாப்பான வழியில் நகலெடுத்துக் கொடுக்கின்றன.

சொல்லுதற்கு எளிதாயினும், இதில் வழுக்குமிடங்கள் பல உண்டு. கேட்பவர் முழுவதையும் ஒரே முறையில் கேட்பார் என்பதற்கு உறுதியில்லை. பத்துப் பத்து எழுத்துகளாகவும் கேட்கலாம். எதுவரை கொடுத்தாயிற்று என்னும் இடக்குறியை ஒவ்வொரு முறையும் நகர்த்தி வைத்தல் வேண்டும். கொடுப்பதற்கு எஞ்சியது ஒன்றுமில்லை எனில் சுழியத்தை விடையாகத் தருதல் வேண்டும். இடக்குறியை நகர்த்த மறந்தால், படிக்கும் நிரல் அதே வரியை முடிவின்றிப் படித்துக்கொண்டே இருக்கும். நீண்ட பட்டியலைப் பகுதி பகுதியாகக் கொடுக்கையில், இடையே பட்டியலே மாறிவிடவும் கூடும். இத்தொல்லைகளைக் குறைக்கும்பொருட்டு அல் வைரோ என்னும் கெர்னல் அறிஞர் 'ஸெக் ஃபைல்' எனும் பொதுக் கருவியை அமைத்தார். தொடங்கு, அடுத்ததற்குச் செல், காட்டு, முடி என்னும் நான்கு செயல்களை எழுதினால், இடக்குறிக் கணக்கை அக்கருவியே பார்த்துக்கொள்கிறது.

பல்லாண்டுகளில் '/ப்ராக்' அடைவு நிரல்களுக்குப் புறம்பான பலவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு நெரிசலுற்றது. ஆகவே, 2003-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6-இல், பேட்ரிக் மோகெல் முன்னின்று அமைத்த 'ஸிஸ்' என்னும் புதிய முறைமை இடம்பெற்றது. அதன் முதன்மை விதி, ஒரு கோப்பிற்கு ஒரு மதிப்பு என்பது. இவ்விதி எளிமையானது, அது மீறப்பட்ட இடங்களிலேயே தொல்லைகள் மிகுந்தன என்பதும் கண்கூடு.

வெளியிடுவோர் ஏற்கும் கடமைகள்

முதற் கடமை நிலைபேறு. இதனை விளக்கப் போகோமிப்ஸ் என்னும் எண்ணின் கதை போதுமானது. கணிப்பொறி தொடங்கும்போது, காலத்தாழ்வுக் கணக்கிற்காகக் கெர்னல் கணிக்கும் ஓர் எண் அது. அது வேகத்தின் மெய்யான அளவன்று என்பதைப் பெயரே கேலியாக அறிவிக்கிறது. ஏ.ஆர்.எம். வகைப் பொறிகளில் அது பயனற்றுப் போயிற்று எனக் கருதி, 2013-ஆம் ஆண்டில் '/ப்ராக்/ஸிபியுஇன்ஃபோ' கோப்பிலிருந்து அவ்வரி நீக்கப்பட்டது. அதன்பின், அவ்வரியை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த நிரல்கள் சில செயலிழந்தமை தெரிய வந்தது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வரி மீண்டும் சேர்க்கப்பட்டது. பொருளற்றது என்று எழுதியவர்களே ஒப்பிய ஓர் எண்ணைக்கூடத் திரும்பப் பெற இயலவில்லை. பயன்படுத்துவோரின் நிரலை முறிக்கலாகாது என்னும் லினக்ஸின் கொள்கை இதில் காக்கப்பட்டது, அது போற்றத்தக்கதே. எனினும் இதன் படிப்பினை வேறு: வெளியிடுவதற்கு முன்னரே சிந்தித்தல் வேண்டும். சோதனைக்கு மட்டும் வேண்டிய எண்களுக்கெனக் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2004-ஆம் ஆண்டில் 'டிபக்எஃப்எஸ்' என்னும் தனி இடத்தை வகுத்ததன் காரணமும் இதுவே. அங்கு நிலைபேற்றை எவரும் எதிர்பார்த்தல் ஆகாது.

இரண்டாம் கடமை, கேட்பவர்க்கு உண்மையில் வேண்டிய விடையை அளித்தல். '/ப்ராக்/மெம்இன்ஃபோ' கோப்பு, வெறுமையாக உள்ள நினைவகம் எவ்வளவு, வட்டுத் தரவுகளின் தற்காலிகப் படிகளுக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்று நெடுங்காலமாகக் கூறி வந்தது. புதிய நிரல் ஒன்றைத் தொடங்க எவ்வளவு நினைவகம் கிடைக்கும் என்பதே மக்கள் அறிய விரும்பியது. அவ்விரண்டையும் கூட்டிப் பலர் தாமே ஒரு விடை கண்டனர். ஒதுக்கப்பட்டதில் ஒரு பகுதி எளிதில் விடுவிக்கப்பட இயலாதது ஆதலின், அவ்விடை பிழைபட்டது. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 3.14-இல், கிடைக்கக்கூடிய நினைவகத்தின் மதிப்பீடு தனி வரியாகவே சேர்க்கப்பட்டது. உள்ளிருப்பதை உள்ளபடி கொட்டிவிடுவது விடையாகாது. கேள்வியை உணர்ந்து கூறுவதே விடை.

மூன்றாம் கடமை, தக்க இடத்தில் மட்டும் இம்முறையைக் கையாளுதல். சிறு பலகைக் கணிப்பொறிகளின் மின்முனைகளை, 'ஸிஸ்' அடைவிலுள்ள கோப்புகளில் 0 அல்லது 1 என்று எழுதி இயக்கும் வழக்கம் பள்ளிகளிலும் பரவியிருந்தது. இதில் ஒரு குறை இருந்தது. இயக்கிய நிரல் இடையில் இறந்துபட்டாலும் மின்முனை அதன் பிடியிலிருந்து விடுபடுவதில்லை. பல முனைகளை ஒரே கணத்தில் மாற்றவும் வழியில்லை. இக்காரணங்களால் 2016-ஆம் ஆண்டில் லினக்ஸ் 4.8-இல் வேறொரு முறை வந்தது. பழைய முறை வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனினும் பழைய பாடக்குறிப்புகள் பல இன்றும் அதனையே போதிக்கின்றன. அவற்றைத் திருத்துதல் ஆசிரியர்களின் பணி.

நான்காம் கடமை மறைக்க வேண்டியதை மறைத்தல். ஒரு கட்டளையுடன் சேர்த்துக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்தால், அக்கட்டளை ஓடும்வரை, அதே கணிப்பொறியைப் பயன்படுத்தும் பிறரும் '/ப்ராக்' அடைவில் அதனைப் படிக்க இயலும். பிறர் நிரல்களைக் காட்டாது மறைக்கும் வசதி 2012-ஆம் ஆண்டில் லினக்ஸ் 3.3-இல் வந்தது, ஆயினும் அதனை நிர்வாகி இயக்கினாலன்றிக் கெர்னல் தானாக அதனைக் கைக்கொள்வதில்லை. பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளில் இதனை அறியாதிருப்பது தீங்கு பயக்கும்.

களத்தில் ஒரு சோதனை

மேற்கூறியவை ஏட்டளவிலான விவாதம் அன்று என்பதைக் காட்ட, டி.எஸ். 18பி20 என்னும் வெப்பநிலை உணரியை எடுத்துக்கொள்ளலாம். விலை குறைந்ததும் மூன்றே கம்பிகளுடையதும் ஆகிய இவ்வுணரி, பள்ளிச் செயல்முறைகளிலும் களப் பொறிகளிலும் மிகுதியாகப் பயன்படுகிறது. லினக்ஸில் இது 'ஸிஸ்' அடைவின்கீழ் ஒரு கோப்பாகத் தோன்றுகிறது. அக்கோப்பைப் படித்தால் இரண்டு வரிகள் வரும். முதல் வரியின் இறுதியில், கம்பி வழியே வந்த செய்தி சிதையாமல் வந்ததா என்னும் சரிபார்ப்பின் முடிவு இருக்கும். இரண்டாம் வரியின் இறுதியில் வெப்பநிலை, செல்ஸியஸ் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் இருக்கும். 23125 என்பது 23.125 பாகையைக் குறிக்கும்.

ஏட்டைப் படிப்பது போன்று இது உடனே முடிவதில்லை. படிக்கத் தொடங்கியதும் கெர்னல் உணரிக்குக் கட்டளை அனுப்புகிறது. உணரி அளந்து முடிக்க, மிக்க நுணுக்கமான நிலையில், முக்கால் வினாடி வரை ஆகிறது. இனி, 85000 என்னும் எண் வந்தால் என்ன பொருள்? மின்னூட்டம் பெற்று, அளவெடுப்பதற்கு முன் அவ்வுணரியின் உள்ளே இருக்கும் தொடக்க மதிப்பு 85 பாகை. மின்னிணைப்பு தளர்ந்து உணரி மீண்டும் தொடங்கினால் அம்மதிப்பே விடையாக வரக்கூடும். செய்தி சிதையாது வந்தமையால் சரிபார்ப்பும் நிறைவுற்றதாகவே காட்டும். உணரியின் அளவெல்லை கழி 55 முதல் 125 பாகை வரை ஆதலின், எல்லை மீறியது என்று அதனைத் தள்ளிவிடவும் முடியாது. விதைப் படுக்கையின் வெப்பநிலை திடீரென 85 பாகை என்று பதிவேட்டில் ஏறினால், அதனைக் கண்டு ஐயுறுவதற்கு, அவ்வெண் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்த ஒருவர் வேண்டும். அதனை அறியாதவர், அன்றைய சராசரியிலும் அதனைச் சேர்த்து மேலிடத்திற்கு அனுப்பிவிடுவார்.

மறுப்புகளும் விடையும்

எண்ணை எழுத்தாக்கிப் பின்னர் எழுத்தை எண்ணாக்குவது வீண் செலவு என்பது ஒரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. பல்லாயிரம் வலையிணைப்புகளைக் கொண்ட பொறியில் '/ப்ராக்' வழியே அவற்றைப் பட்டியலிடுவது மெதுவாகவே நடக்கும். அங்கு 'நெட்லிங்க்' என்னும் இரும வழியே தக்கது. ஆயினும், நிமிடத்திற்கு ஒரு முறை படிக்கப்படும் வெப்பநிலைக்கு அச்செலவு ஒரு பொருட்டன்று. தனிக் கருவி ஏதுமின்றி, எந்த நிரல் மொழியிலிருந்தும், கண்ணாலும் படித்துச் சரிபார்க்க முடிவதன் பயன் அதனினும் பெரிது.

கெர்னலைத் தொடுவது ஆபத்து. மாணவரை அதற்குப் பழக்கலாகாது என்பது மற்றொரு மறுப்பு. கெர்னலில் நேரும் சிறு பிழையும் கணிப்பொறி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும் என்பது மெய்யே. எனினும், சாதாரணப் பயனர் உரிமையுடன் '/ப்ராக்/அப்டைம்' கோப்பைப் படிப்பதால் தீங்கு ஏதும் நேராது. எழுதிப் பழகுவதற்கு, பயனர் நிரலாகவே கோப்பு முறைமை அமைக்க வழிசெய்யும் 'ஃபியூஸ்' எனும் வசதி 2005-ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளது. அங்கு பிழை நேர்ந்தால், பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே நிற்கும்.

செய்யத்தக்கவை

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் முதற்கண் வெளியிட்ட பாஸ் இயக்க முறைமையாயினும், கேரளப் பள்ளிகளில் வழங்கும் லினக்ஸாயினும், உள்ளிருப்பது ஒரே கெர்னல். ஆதலின் கீழ்க்காண்பவற்றைச் செய்யப் புதிய செலவு ஏதும் வேண்டா.

ஆசிரியர்கள், கோப்பு என்னும் பாடத்தை நடத்துகையில், சாதாரணக் கோப்பு ஒன்றையும் '/ப்ராக்/அப்டைம்' கோப்பையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. பின்னதன் அளவு சுழியம் என்றே கணிப்பொறி கூறும். எனினும் படித்தால் இரண்டு எண்கள் வரும். மீண்டும் படித்தால் அவை மாறியிருக்கும். முதலாவது, பொறி தொடங்கியது முதல் கழிந்த வினாடிகள். இரண்டாவது, செயலகங்கள் வேலையின்றி இருந்த வினாடிகளின் கூட்டுத்தொகை. செயலகங்கள் பல இருக்குமாயின் இரண்டாவது எண் முதலாவதினும் பெரிதாக இருக்கலாம். அளவற்ற கோப்பினுள் செய்தி எங்ஙனம் வந்தது, இரண்டாவது எண் ஏன் பெரிது என்று மாணவர் கேட்கும் கேள்விகளிலிருந்தே இடைப் படலத்தின் தத்துவத்தை விளக்கிவிடலாம்.

களப் பணியாளர்களுக்குப் பொறிகளை வழங்கும் அலுவலகங்கள், ஒவ்வொரு பொறியுடனும் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை இணைத்தல் வேண்டும். எந்தக் கோப்பிலிருந்து எண் வருகிறது, அதன் அலகு யாது, படிக்க எவ்வளவு நேரம் ஆகும், எந்த மதிப்பு பிழையின் அடையாளம் ஆகியவை அதில் இருத்தல் அவசியம். கெர்னல் ஆசிரியர்களும் தாம் வெளியிடும் கோப்புகளுக்கு இத்தகைய விளக்கத்தை எழுதி வைப்பதற்கெனத் தனி அடைவு ஒன்றைத் தம் ஆவணங்களில் வகுத்துள்ளனர். நிலையானவை, சோதனையில் உள்ளவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை என நான்காகப் பிரித்துமுள்ளனர். அவ்வொழுங்கைப் பின்பற்றுவதில் நம் நாட்டு அலுவலகங்களுக்குத் தடை ஏதுமில்லை. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அக்குறிப்புகள் அமையுமாயின், பொறியின் முன் நிற்பவர் தாமே ஐயம் தீர்ந்து, ஐயுற வேண்டிய எண்ணையும் கண்டுகொள்வார்.

எழுதியவர் ஒருவர், படிப்பவர் பல்லாயிரவர் என்னும் நிலை மெய்நிகர்க் கோப்புகளுக்கு உரியது. எழுதியவர் மறைந்த பின்னும், அவர் வெளியிட்ட வரியைப் படித்துக்கொண்டே நிரல்கள் பல ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, வெளியிடுவதற்கு முன் தயங்குவதும், வெளியிட்டபின் காப்பதும், படிக்கும்போது விசாரிப்பதும் இத்துறையில் அனைவரும் கைக்கொள்ளத்தக்க ஒழுக்கங்களாகும்.